ஃபஸீக் சத்தியம்

ஃபஸீக் தின்றுவிட்டு அதை மறைத்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்குப் புத்தி மட்டு என்றுதான் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் உப்பில் கிடந்து, சதை கூழாகி, மூடியைத் திறந்ததும் நாலு வீடு தள்ளிப் படுத்திருக்கும் பூனை எழுந்து உட்காரும் மடவை மீன் அது. கையைக் கழுவினால் போகாது. எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் எலுமிச்சையும் சேர்ந்து நாறும். ஆனால் வசந்தத்தில் வரும் ஷம்முன் நஸீம் பண்டிகைத் திங்கட்கிழமை மட்டும், கெய்ரோவைத் தாண்டியிருக்கும் எங்கள் கஃப்ர் ஸிராஜ் ஊரே அந்த வாடையோடுதான் கால்வாய்க் கரைக்குப் போகும். சாயம் பூசிய முட்டை, வெங்காயத்தாள், லெட்யூஸ் கீரை, ரொட்டிக்குள் வைத்த ஃபஸீக். முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு என்று பேதமே கிடையாது. எல்லோரும் நாறினால் யார் மூக்கை யார் பிடிப்பது?

அன்று ஊரில் வாடையில்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். பெரிய பள்ளிவாசல் இமாம் ஷேக் பய்யூமியின் வீடு. அந்த வீட்டுக்காரி தஹானிக்குத்தான் ஊரிலேயே ஃபஸீக் பைத்தியம் அதிகம். இதை அவளுடைய அக்கா இன்ஷிராஹைக் கேட்டால் சொல்வாள். சின்ன வயதில் மற்றப் பிள்ளைகள் மீனைத் தின்றுவிட்டு வாயைக் கழுவ ஓடும்போது, தஹானி மட்டும் விரலைச் சூப்பிக்கொண்டே தூங்கிவிடுவாளாம்.

ஷேக் பய்யூமியைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போவார். சாவு வீட்டில் ஜனாஸா எடுக்கிறார்கள் என்றால் முதல் ஆளாக நிற்பார், தோள் கொடுப்பார். கல்யாணமான புதிதில் அவரும் கரையில் உட்கார்ந்து வெங்காயத்தாளைக் கடித்தவர்தான். பிறகு கிதாபுகளைப் புரட்டப் புரட்ட, மனசு ஒரு பக்கம் நின்றுவிட்டது. ஒவ்வொரு சமுதாயத்தின் பண்டிகையும் அதன் மார்க்கத்தோடு ஒட்டிப் பிறந்தது, அல்லாஹ் நமக்கு இரண்டு பெருநாள் கொடுத்திருக்கிறான், அடுத்தவர் பண்டிகை நாளைப் பார்த்து நாமும் முட்டைக்குச் சாயம் பூசுவது எதற்கு என்று வருஷா வருஷம் அந்த வாரத்து வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பேசுவார். மிம்பர் மேடையில் ஏறினால் அவர் குரலே தனி. ஜனம் தலையை ஆட்டிக் கேட்கும். கேட்டுவிட்டு, போகும் வழியில் மீன்கடையில் வரிசை பிடித்து நிற்கும். அவருக்கு முன்னால் இருந்த கிழ இமாம், இது வணக்கமா என்ன, காற்று வாங்கப் போகிற வழக்கம், போங்கள், தொழுகையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, தானும் ஒரு துண்டு ருசி பார்த்தவர். அவர் பேச்சையும் ஜனம் இப்படித்தான் தலையாட்டிக் கேட்டது.

போன வருஷம்தான் வினை வந்தது. தஹானி, பொறுக்க முடியாமல், மூன்று பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அக்காவோடு கரைக்குப் போனாள். ஒரு ஓரமாக, முகத்தை மூடிக்கொண்டுதான். யார் கண்ணில் பட்டதோ, மறுநாள் லுஹர் தொழுகை முடிந்து ஷேக் செருப்பைத் தேடும்போது ஒரு ஆள் சத்தமாகக் கேட்டுவிட்டான், மார்க்கத்தில் கூடாதது என்றீர்களே ஷேக், உங்கள் வீட்டுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டோ என்று. சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. செருப்பைப் போடாமலே வீட்டுக்கு நடந்தார் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். வாசலில் நின்றபடியே, தெருவுக்கே கேட்க, அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இனிமே இந்த வீட்டுப் பொம்பள ஃபஸீக் தின்னான்னு என் காதுக்கு எட்டிச்சு, அன்னிக்கே அவளுக்கு மூணு தலாக்."

எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்குத் தலாக் சத்தியம் என்பது வெற்றிலை பாக்கு மாதிரி வாயிலேயே கிடக்கும். தக்காளி விலை பேசும்போதும் தலாக், விருந்தாளி சாப்பிடாமல் எழுந்தாலும் தலாக். ஆனால் இமாம் வாயிலிருந்து அதுவரை அப்படி ஒரு சத்தியத்தை யாரும் கேட்டதில்லை. தஹானி அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்று தலாக் என்றால் வீடு போச்சு, பிள்ளைகள் போச்சு, திரும்பி வர வழியும் அடைபட்டுப் போச்சு. மூத்தவள் ருவைதாவுக்கே அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுதான்.

இப்படித் தலாக் சத்தியம் செய்துவிட்டு அதற்கு வழி கேட்டுக்கொண்டு ஆம்பிளைகள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஷேக்கின் முன்னறைக்கு வருவது வழக்கம். முகம் செத்துப்போய் வருவான், அரை மணி நேரத்தில் முகம் தெளிந்து போவான். உள்ளே என்ன பேசினார்கள் என்பது பொம்பளைகளுக்குத் தெரியாது. தேநீர்த் தட்டைக் கதவுவரை கொண்டுபோய்ப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தஹானி திரும்பிவிடுவாள்.

இன்ஷிராஹ் இரண்டு தெரு தள்ளி மொட்டைமாடி அறையில் இருந்தாள். புருஷன் செத்துப் பல வருஷம். ஒரே மகன் லிபியாவில் லாரி ஓட்டுகிறான். இவள் தையல் தைத்து, மாடியில் புறா வளர்த்துப் பிழைத்தாள். தங்கச்சி இந்த வருஷம் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இன்ஷிராஹ் திட்டியிருப்பாள். கேட்காமல், மீன்கடையைத் தாண்டும்போது மட்டும் நடையைத் தளர்த்தி மூச்சை இழுத்தாள். அதைப் பார்த்த அக்காவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பாழாய்ப் போன பாசம், அதைத்தான் சொல்ல வேண்டும்.

கடையில் இரண்டு பேருக்கு ஃபஸீக் வாங்க முடியாது, கேள்வி வரும். மீன்கடைக்காரன் முதல் வரிசையில் ஷேக்கின் பின்னாலேயே நின்று தொழுகிறவன். அதனால் இன்ஷிராஹ் சந்தையில் பச்சை மடவை வாங்கி வந்து தானே ஊறப்போட்டாள். மாடியில் புறாக் கூண்டுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் ஜாடியில், மேலே கோணியைப் போட்டு மூடி. எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியும். மீனைக் கொஞ்சம் வீங்கவிட வேண்டும், செவுளுக்குள் உப்பைத் திணிக்க வேண்டும், மீன் தெரியாத அளவுக்கு உப்பால் மூட வேண்டும். ஆனால் தஹானிக்கு இரத்தக் கொதிப்பு. உப்பைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கென்று அடியில் வைத்த மீன்களுக்கு இன்ஷிராஹ் உப்பைக் குறைத்துப் போட்டாள். தனக்கென்று மேலே வைத்தவற்றுக்கு வழக்கம்போல அள்ளிப் போட்டாள். செய்து முடித்தபோது தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை வந்தது. ஊர் கரைக்குப் போன நேரம் பார்த்து, அங்கி அளவு கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தஹானி மாடியேறி வந்தாள். ஜாடியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பயமாக இருக்கிறது அக்கா, எடுத்துப் போட்டுவிடு என்றாள். சொன்ன வாய் மூடவில்லை, கை ரொட்டியைப் பிய்த்தது.

அக்கா மேல் மீனைத் தின்றாள், தங்கச்சி அடி மீனைத் தின்றாள். வெயில் இதமாக இருந்தது. புறாக்கள் கூண்டுக்குள் முனகிக்கொண்டிருந்தன. கரையிலிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இது பாவமா அக்கா என்று தஹானி ஒரு தரம் கேட்டாள். தெரியவில்லையடி, நாம் யாரையும் கும்பிடவில்லையே, மீன்தானே தின்கிறோம் என்றாள் இன்ஷிராஹ். அப்படியானால் சத்தியம்? அதற்குத் தஹானியே பதில் சொல்லிச் சிரித்தாள்.

"அவரு காதுக்கு எட்டினாத்தானே. என் வயித்துக்குள்ள போனது எப்படி அவரு காதுக்குப் போகும்? நீ சொன்னாத்தான் உண்டு."

காபித்தூளும் எலுமிச்சையும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினார்கள். வாயில் ஏலக்காய் மென்றார்கள். இன்ஷிராஹ் தன் மகன் அனுப்பிய அத்தரை அவள் கழுத்தில் தடவினாள். தஹானி கீழே இறங்கும்போது திரும்பிப் பார்த்து விரலைச் சூப்பிக் காட்டினாள்.

செவ்வாய் சாயங்காலம் அவளுக்கு வாய் உலர்ந்தது. பார்வை இரட்டையாகத் தெரிந்தது. ஒரு ஷேக்கைச் சமாளிக்கவே பெரும்பாடாக இருந்தது, இப்போது ரெண்டு ஷேக் தெரிகிறார்கள் என்று பிள்ளைகளிடம் வேடிக்கை பேசியிருக்கிறாள். புதன் காலையில் இமை தானாக இறங்கியது, தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. ஷேக் பதறிப்போய் அவளை வண்டியில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே டாக்டர் நஷாத் பார்த்தார். இளம் வயது, கிறிஸ்தவர், நல்ல கைராசிக்காரர் என்று பெயர். அந்தப் பண்டிகை முடிந்த ஒன்றிரண்டு நாளில் எந்த டாக்டரும் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார், ஃபஸீக் சாப்பிட்டார்களா என்று. பாக்கி டாக்டர்கள் என்றால் நாலு தரம் கேட்டிருப்பார்கள். இவர் எதிரில் நிற்பதோ ஊர் இமாம். என் வீட்டில் அந்த நாளே கிடையாது, உங்களுக்குத் தெரியாதா, அல்லாஹ்வின் மேல் ஆணையாக அந்த மீன் என் வாசல்படி தாண்டவில்லை என்று ஷேக் சொன்னார். பொய் சொல்லவில்லை மனுஷன், தெரிந்ததைச் சொன்னார். ஒரு கிறிஸ்தவன் திரும்பத் திரும்ப இதைக் கேட்டால் இமாமைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று டாக்டருக்குக் கூச்சம். இரத்தக் கொதிப்பு ஏற்கனவே இருக்கிறது, மூளையில் அடைப்பாக இருக்கலாம் என்று அந்த வழியில் வைத்தியத்தைத் திருப்பினார்.

இன்ஷிராஹுக்குச் சேதி கிடைத்து ஓடிவந்தபோது மத்தியானம். தஹானி கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவள் போல இருந்தாள். ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. ஷேக் தண்ணீர் எடுக்க வெளியே போனதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு குழறியது.

"சொல்லிடாத அக்கா. மூணு பொட்டப் புள்ளைங்க. சரியாயிடும். நீ சத்தியம் பண்ணு."

தலைமாட்டில் குர்ஆன் இருந்தது. இன்ஷிராஹ் அதன் மேல் கையை வைத்தாள். சத்தியத்தை மறைக்க இன்னொரு சத்தியம். அந்த நேரத்தில் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அறையை விட்டு வந்ததும் நடையில் டாக்டர் அவளை நிறுத்தினார். அடைப்பு மாதிரித் தெரியவில்லை என்று அவருக்கே மனசுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். நீங்கள்தானே அக்கா, பண்டிகையன்று இவர்கள் ஏதாவது மீன் சாப்பிட்டார்களா, யோசித்துச் சொல்லுங்கள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவருக்குப் பின்னால், தண்ணீர்ப் பாட்டிலோடு ஷேக் வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. இன்ஷிராஹ் அவரைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்."

ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வழி நெடுகத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரே ஜாடி, நானும்தான் தின்றேன், எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை, மீனாக இருந்தால் எனக்கும்தானே வர வேண்டும், ஆகவே மீன் இல்லை. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. மேல் மீன் எது, அடி மீன் எது என்பதை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்கப் பயந்தாள் என்பதுதான் நிஜம்.

வியாழன் விடிந்ததும், மிச்சத்தைக் கண் காணாமல் எறிந்துவிடலாம் என்று ஜாடியைத் திறந்தாள். மேலே உப்பு கட்டி கட்டியாக நின்றது. மீனைத் தள்ளிவிட்டு அடியைப் பார்த்தாள். அங்கே ஒரு பரல் உப்பு இல்லை. எல்லாம் கரைந்து சாம்பல் நிறத் தண்ணீராகி, தண்ணீரில் குமிழி குமிழியாக நுரைத்துக்கொண்டிருந்தது. இது ஃபஸீக் வாடையே இல்லை, செத்த வாடை. அன்றைக்குத் தங்கச்சிக்கு எடுத்துக் கொடுக்கும்போது ஏன் மூக்கு வேலை செய்யவில்லை? எலுமிச்சையைப் பிழிந்துகொண்டு, சிரித்துக்கொண்டு, அவசர அவசரமாகத் தின்றோமே, அதனாலா? கீழே போட்ட ஜாடி உருண்டு போனதைக்கூடப் பார்க்காமல் ஓடினாள். செருப்பு ஒன்று படிக்கட்டிலேயே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் தஹானியால் தலையைத் தூக்க முடியவில்லை. இமை முழுசாக மூடிவிட்டது. மூச்சு மேலோட்டமாக வந்து போனது. விரல் நுனி மட்டும் அசைந்தது. ஷேக் பக்கத்தில் உட்கார்ந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார். டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்ஷிராஹ் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

"ஷேக், அவ ஃபஸீக் தின்னா. என் வீட்ல, என் கையால குடுத்தேன். இப்ப உங்க காதுக்கு எட்டிடுச்சு. தலாக்குன்னா தலாக்கா இருக்கட்டும். ஆளு பொழைச்சாப் போதும், நான் வச்சுக் காப்பாத்திக்கிறேன்."

டாக்டர் அவளைப் பார்த்த பார்வையைச் சாகிறவரைக்கும் அவளால் மறக்க முடியாது. நேற்றே கேட்டேனே அம்மா என்று மட்டும் சொன்னார். அடுத்த நிமிஷம் தொலைபேசிக்கு ஓடினார். விஷமுறிவு மருந்து இந்த ஊரில் கிடையாது, கெய்ரோவில்தான் இருக்கிறது, செயற்கை மூச்சோடு ஆம்புலன்ஸ் வேண்டும் என்று அவர் கத்துவது நடை முழுக்கக் கேட்டது.

ஷேக் ஓதுவதை நிறுத்தியிருந்தார். கோபப்படுவார், கையை ஓங்குவார் என்று இன்ஷிராஹ் எதிர்பார்த்தாள். அவர் விளங்காதவர் போல அவளையே பார்த்தார்.

"யாரு சொன்னா தலாக்குன்னு?"

நீங்கள்தான், தெருவே கேட்டதே என்றாள் இன்ஷிராஹ்.

"அது பயமுறுத்தச் சொன்னது அக்கா. பிரிஞ்சு போறதுன்னு மனசுல நெனச்சுச் சொன்னாத்தான் தலாக். பயமுறுத்தச் சொன்னா அது வெறும் சத்தியம். முறிஞ்சா பத்து ஏழைக்குச் சோறு போட்டாத் தீர்ந்துது. நாட்டுச் சட்டமும் அதான். நானே எத்தன பேருக்கு இதச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

முகம் செத்து வந்து தெளிந்து போன ஆம்பிளைகள் அத்தனை பேரும் இன்ஷிராஹின் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வந்தார்கள். அந்தத் தேநீர்த் தட்டும் வந்தது.

"அவகிட்ட சொன்னீங்களா?"

ஷேக் முணுமுணுத்தார். மிம்பரில் ஏறினால் ஊரைக் கட்டிப்போடுகிற குரல் அது. இப்போது பக்கத்தில் நிற்கிறவளுக்கே கேட்கவில்லை. அவர் சொன்னதை இன்ஷிராஹ் குனிந்துதான் காதில் வாங்கினாள்.

"சொல்லியிருந்தா, அப்புறம் எதுக்குப் பயப்படுவா?"

அப்போது தஹானியின் மூடிய இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. திரும்பி வந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இந்த விஷத்தில் உடம்புதான் முடங்கும், புத்திக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் பேசியது எல்லாம் அவர்களுக்குக் கேட்டிருக்கும் என்றார். ஷேக் அவள் கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். தஹானி, நீ என் பெண்டாட்டிதான், ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் விரல் அசைந்ததா இல்லையா என்று இன்ஷிராஹுக்குத் தெரியவில்லை. ஷேக் அசைந்தது என்றே பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

கெய்ரோவில் மருந்து ஏற்றினார்கள். நரம்பில் ஏறாத விஷத்தைத்தான் அந்த மருந்து முறிக்கும், ஏறிவிட்டதை இறக்காது என்று அங்கே விளக்கம் சொன்னார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த ஒரு டாக்டர், ஷேக்கின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம் தஹானியை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கினார்கள். மையித்தைக் குளிப்பாட்டியவர்களில் இன்ஷிராஹும் ஒருத்தி. தங்கச்சியின் விரலிடுக்குகளை அவள்தான் கழுவினாள். அங்கே எந்த வாடையும் இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? விலக்கியதைத் தின்றாள், பலனைக் கண்டாள் என்று ஒரு கூட்டம் பேசியது. ஷேக்கின் நாக்குத்தான் அவளைத் தின்றது என்று இன்னொரு கூட்டம் பேசியது. போன வருஷம் செருப்பு கழற்றும் இடத்தில் நின்று சிரித்தவர்களும் இப்போது உச்சுக் கொட்டினார்கள். இவர்கள் வாயில் மண்ணள்ளிப் போட. ஒருத்தருக்காவது அவள் மீன்கடை வாசலில் மூச்சை இழுத்து நின்றது தெரியுமா? டாக்டருக்குப் பதில் சொன்ன அந்த ஒரு வார்த்தை இன்ஷிராஹின் காதை விட்டுப் போகவில்லை. புறாக்களைக் கூண்டோடு பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். மாடியின் அந்த மூலைக்கே போவதில்லை. உப்பு ஜாடியைத் தொடுவதும் இல்லை. உப்பில்லாமலே தின்றாள்.

ஷேக் ஜும்ஆவுக்கு வருகிறார், பின் வரிசையில் உட்காருகிறார், மிம்பரில் ஏறுவதில்லை என்று சொன்னார்கள். வேறு ஒருவர் வந்து பேசிவிட்டுப் போகிறாராம்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஜனம் கலையும் நேரத்தில், ருவைதா மாடியேறி வந்தாள். அம்மாவின் கறுப்புத் துணியைத் தலையில் போட்டிருந்தாள், அது தோளுக்குக் கீழே தொங்கியது. இரண்டு கையாலும் மூடிய தட்டு ஒன்றைப் பிடித்திருந்தாள். இன்ஷிராஹ் தட்டை வாங்கித் திறந்தாள். சோறு, முலூகிய்யாக் கீரைக் குழம்பு, ஒரு துண்டு இறைச்சி. என்னடி இது, யாருக்கு என்று கேட்டாள்.

"சத்தியத்துக்குப் பரிகாரம், பெரியம்மா. வாப்பா காலையிலேர்ந்து அவரே நின்னு ஆக்குனாரு. பத்து வீட்டுக்குக் குடுக்கணுமாம். ஒம்பது வீடு குடுத்தாச்சு. நீங்களும் கஷ்டப்பட்டவங்கதானே, பத்தாவது உங்களுக்குன்னாரு."

பிள்ளைக்குப் பசியாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. இன்ஷிராஹ் அவளை உட்காரவைத்து, அந்தத் தட்டிலிருந்தே அவளுக்கு ஊட்டினாள். தானும் ஒரு வாய் வைத்தாள். ருவைதா போன பிறகு, காலித் தட்டைக் கழுவப் போனவள் அடுப்படி மூலையில் இருந்த அரிசி மூட்டையைப் பார்த்தாள். மகன் அனுப்பிய பணத்தில் வாங்கிப்போட்டது, இன்னும் பாதி மிச்சம் இருந்தது. தஹானி ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரம் அது முழு மூட்டையாக இருந்தது. குர்ஆன் மேல் கை வைத்துச் செய்த சத்தியத்தை அன்றைக்கே முறித்துவிட்டு, பத்துப் பேருக்கு என்ன, ஐம்பது பேருக்குப் போட்டிருக்கலாம்.